வெயில் வேறு, சேறு வேறு

வெள்ளிக்கிழமை கொலுவில், கதிர்வீச்சு சிகிச்சையில் இருக்கும் மூன்றாவது மாடி அக்காவுக்கு நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். மற்றவர்களுக்கும் இதற்குள் நாலைந்து வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். "சிகிச்சை முடியும் வரை அவர் குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு வராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது" என்று ஒரு செய்தி, அவர் உடம்பிலிருந்து கதிர் மற்றவர்கள் மேல் பரவிவிடும் என்ற பயத்தில். அதற்குக் கீழே கைகூப்பும் படம் போட்டவர்கள் 17 பேர். உட்கார்ந்து எண்ணினேன். அதில் நான்கு பேர் தங்கள் வீட்டு எக்ஸ்ரேயையும் ஸ்கேன் அறிக்கையையும் தூக்கிக்கொண்டு இரவு பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள். கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் 23 ஆண்டுகளாக வேலை செய்கிறவள் அதே கட்டடத்தில் நாலாவது மாடியில் இருக்கிறேன். அன்று மட்டும் ஒருவருக்கும் என்னிடம் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா என் நோயாளி அல்ல. வேறு மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை நடக்கிறது. அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.

மார்பில் புற்றுக்கு அறுவை முடிந்து அவருக்கு இப்போது கரண்ட் வைக்கிறார்கள், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. நம் ஊர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இங்கே இந்தி பேசுகிறவர்கள் 'சிகாயி' என்பார்கள், ஏதோ ஒத்தடம் கொடுப்பதைப் போல. பெயர் எதுவானாலும் நடப்பது ஒன்றுதான். லினாக் என்ற இயந்திரம் மின்சாரத்தைக் கொண்டு எலக்ட்ரான்களை வேகமாக ஓடவிட்டு ஓர் உலோகத் தகட்டில் மோதவிடுகிறது. அங்கே எக்ஸ் கதிர் பிறக்கிறது. 1895-இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த அதே கதிர்தான், வீரியம் பல மடங்கு கூடுதல். அது உடலுக்குள் போகிறது, வேலையைச் செய்கிறது, மிச்சம் மறுபக்கம் வெளியேறிவிடுகிறது. தங்குவதில்லை. சுவிட்சை அணைத்த நொடியில் இயந்திரத்திலேயே கதிர் கிடையாது. அப்படியிருக்க அக்காவின் மேனியிலிருந்து எப்படி வரும்? ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்தவரைத் தொட்டால் உங்கள் கை கறுத்துவிடுமா?

கதிர் சாதுவானது என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் சொல்ல மாட்டார்கள். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 அல்லது 5 கிரே (உடம்பு வாங்கிக்கொள்ளும் கதிரை அளக்கும் அலகு) அளவு கதிர் பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். அவ்வளவு கதிரும் சேர்ந்து உடம்பின் சூட்டை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கூட்டும். ஒரு வாய் காபி அதைவிடச் சூடு தரும். ஆகவே இது சுட்டுக் கொல்லும் விஷயம் அல்ல. செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழையை நேராக அறுக்கிறது, அல்லது பக்கத்தில் இருக்கும் நீர் மூலக்கூறை உடைத்து அந்த உடைசலைக் கொண்டு அறுக்கிறது. ஓர் இழை அறுந்தால் செல் அதைத் திரும்ப ஒட்டிவிடும். இரண்டு இழையும் அருகருகே அறுந்தால் ஒட்டுவது கடினம், தப்பும் தவறுமாக ஒட்டிவிடுவதும் உண்டு. அந்தத் தப்பான ஒட்டுதான் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. எந்தச் செல் அடிக்கடி பிரிந்து பெருகுகிறதோ அதற்குத்தான் முதல் அடி. எலும்பு மஜ்ஜை, குடலின் உட்பூச்சு, மயிர்க்கால், தோல். அதனால்தான் பெரிய அளவில் கதிர் பட்டவர்களுக்கு முதலில் வாந்தி, பிறகு முடி உதிர்தல், பிறகு ரத்த அணுக்கள் குறைந்து கிருமித் தொற்று என்று வரிசையாக வருகிறது.

புற்றுநோய்ச் செல்லும் ஓயாமல் பெருகுவதுதான். அதன் மேல் இந்த அறுப்பைத் திருப்பிவிடுவதுதான் சிகிச்சை. அக்காவுக்கு 40 கிரே, 15 நாளாகப் பிரித்து, அந்த ஒரு பக்க மார்பில் மட்டும். அவ்வளவையும் ஒரே நாளில் கொடுத்தால் தோல் தாங்காது. நாளுக்கு இரண்டரை கிரேயும் கொஞ்சமும் என்று கொடுத்தால், நல்ல செல்கள் இரவோடு இரவாகத் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. கெட்ட செல்களால் அந்த வேகத்தில் முடிவதில்லை. அந்த இரவுகளை நம்பித்தான் எங்கள் துறையே நிற்கிறது. அப்படிப்பட்ட ஓர் இரவில், உடம்பு தன்னைத் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா உறங்காமல் அழுதுகொண்டிருந்தார்.

கழுத்துக்குக் கீழே ஊதா மையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கதிர் தினமும் அதே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காக. அது அழியக் கூடாது என்று குளிக்கும்போது அந்தப் பக்கம் சோப்பே போட மாட்டார்கள். அன்று அக்கா முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டுதான் கொலுவுக்கு வந்தார். மடியில் ஏறிய குழந்தை முந்தானையை விலக்கிக் கோட்டின் மேல் விரல் வைத்து, "இது என்ன?" என்று கேட்டது. அக்கா பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாட்டி வந்து குழந்தையை இழுத்துக்கொண்டு போனார், உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. குழந்தையின் விரலைக் கழுவினார்கள்.

"அவ்வளவு பாதுகாப்பு என்றால் சிகிச்சை கொடுக்கும்போது நீங்கள் ஏன் வெளியே ஓடுகிறீர்கள்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, வாருங்கள். அந்த அறைக் கதவு கனமானது, சுவர் ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் அகலம். நோயாளியைப் படுக்கவைத்து, கோட்டைச் சரிபார்த்து, நான் வெளியே போய்ப் பொத்தானை அழுத்துகிறேன். ஏனென்றால் அவருக்கு இது 15 முறை, எனக்கு ஒரு நாளைக்கே 60 பேர். அவருக்கு அந்தக் கதிர் மருந்து, எனக்கு அது தேவையில்லாத சுமை. என் மார்பில் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு டிஎல்டி பேட்ஜ் தொங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி அனுப்பி, எனக்கு எவ்வளவு பட்டது என்று அளக்கிறார்கள். ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி; கதிர் உடம்புக்குச் செய்யக்கூடிய கேட்டை அளக்கும் அலகு அது. ஆனால் இதையும் கேளுங்கள். கதிர் நின்றதும் கதவு திறக்கிறது, நான் உடனே உள்ளே போகிறேன். கையுறை கிடையாது, ஈயக் கவசம் கிடையாது. அவர் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி உட்காரவைக்கிறேன். கதிர் பட்ட உடம்பை உலகத்திலேயே முதலில் தொடுகிறவள் நான்தான். 23 ஆண்டுகளாக, ஒரு நாளைக்கு 60 முறை. அந்த உடம்பிலிருந்து ஏதாவது வந்திருந்தால் முதலில் என் பேட்ஜ் காட்டிக் கொடுத்திருக்கும்.

"தைராய்டு நோயாளிகளைத் தனியறையில் வைக்கிறார்களே?" உண்மை. அவர்கள் கதிரியக்க அயோடினை விழுங்குகிறார்கள். பொருளே உடம்புக்குள் இருக்கிறது. அதன் வீரியம் பாதியாக 8 நாள் ஆகும். அதனால்தான் சில நாள் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு விலகியிருக்கச் சொல்கிறார்கள், எழுதியும் கொடுக்கிறார்கள். பெட் ஸ்கேனுக்குக் கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டவர்களுக்குச் சில மணி நேரம். வெயிலில் நின்றவர் வேறு, சேற்றில் இறங்கியவர் வேறு. சேறு காலோடு வீட்டுக்குள் வரும், வெயில் வராது. அக்கா வெயிலில் நின்றவர். இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சேறு பட்டவர்களையே நாம் எப்படி நடத்தினோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரத்தில், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை மையத்திலிருந்து பழைய இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றிக் காயலான் கடையில் விற்றுவிட்டார்கள். உள்ளே சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். உடைத்துப் பார்த்தால் இருட்டில் நீலமாக ஒளிரும் தூள். அழகாக இருக்கிறதே என்று உறவினர்களுக்கெல்லாம் பங்கு போட்டார்கள், தோலில் பூசிக்கொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தத் தூள் ஒட்டிய கையோடு சாப்பிட்டாள். நான்கு பேர் இறந்தார்கள், அவளும் ஒருத்தி. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைச் சோதித்தார்கள், தூள் ஒட்டியிருந்தவர்கள் 249 பேர். சிறுமியை ஈயம் பதித்த பெட்டியில் வைத்துக் கல்லறைக்குக் கொண்டுபோனபோது, எங்கள் ஊர் மண்ணில் புதைக்கக் கூடாது என்று கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. கதிர்வீச்சு வகுப்பில் இதைப் படித்த அன்று என்னால் மதியச் சாப்பாட்டைத் தொட முடியவில்லை.

நம் நாட்டிலேயே 2010-இல் டெல்லி மாயாபுரியில் நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல ஆண்டுகள் சும்மா கிடந்த, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் உள்ள கருவியை ஏலத்தில் விட்டார்கள், காயலான் கடைத் தொழிலாளிகள் பிரித்தார்கள், ஒருவர் இறந்தார். பயப்பட வேண்டிய இடம் அது. பழைய இரும்போடு என்ன போகிறது என்று கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. அதைப் பற்றி நம் குழுவில் இதுவரை ஒரு செய்தியும் வந்ததாக நினைவில்லை.

என் அம்மாவைப் பற்றி இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கடலோரம் எங்கள் வீடு. எனக்கு ஒன்பது வயதில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. அப்பா பஸ்ஸில் அழைத்துப்போய்க் கரண்ட் வைத்து அழைத்துவருவார். பெரியம்மா அம்மாவுக்கென்று ஒரு தட்டும் விளிம்பு நசுங்கிய ஒரு டம்ளரும் ஒதுக்கிவிட்டார். அம்மா படுக்கை திண்ணைக்குப் போனது. "பக்கத்தில் போகாதே, உனக்கும் ஏறிவிடும்" என்று என்னிடம் சொன்னார்கள். அதுவரை தினமும் அம்மாதான் எனக்குத் தலை பின்னிவிடுவார். ஒரு சாயங்காலம் சீப்பை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சீப்பைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த பங்குனியில் இறந்துபோனார்.

எங்கள் ஊர்க் கருமணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் கதிரியக்கம் உள்ள தோரியம் இருக்கிறது. இயற்கையாகவே கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு அதிகமான கரை அது. அதே மாதிரி மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தும், அதனால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. நான் நாள் முழுவதும் அந்த மணலில்தான் வீடு கட்டி விளையாடினேன். அதை யாரும் தடுத்ததில்லை. கதிரே இல்லாத அம்மாவின் மடியிலிருந்துதான் என்னைத் தடுத்தார்கள்.

இதை வேலைக்கான படிப்பின் இரண்டாம் ஆண்டில் புரிந்துகொண்டேன். அம்மா போய்ப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"எச்சரிக்கையாக இருப்பதில் என்ன தவறு?" என்று ஒருவர் நேற்று லிஃப்டில் கேட்டார். அப்போது பதில் வரவில்லை, இப்போது சொல்கிறேன். எச்சரிக்கை என்றால் மருத்துவரிடம் கேட்டிருப்பீர்கள், என்னிடம் கேட்டிருப்பீர்கள். தனி டம்ளரும் கழுவிய விரலும் எச்சரிக்கை அல்ல. அது தீட்டு. அந்த டம்ளர் நம் வீடுகளில் ராண்ட்ஜனுக்கு முன்பே இருந்தது, யார் யாருக்கெல்லாம் இருந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். கதிர்வீச்சு என்ற படித்த சொல் கிடைத்ததும் பழைய டம்ளரை வெளியே எடுத்திருக்கிறோம். இதனால்தான் பெண்கள் கட்டியைக் கையில் உணர்ந்த பிறகும் மாதக்கணக்கில் வாய் திறப்பதில்லை. மகளின் கல்யாணம் முடியட்டும் என்கிறார்கள். என் மேசைக்கு வரும்போது கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அணுகுண்டு வீச்சில் தப்பிய ஜப்பானியர்களுக்கும் பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆள் இல்லாமல் போனது. அவர்களுடைய பிள்ளைகளை எழுபது ஆண்டுகளாக ஆராய்கிறார்கள், பரம்பரை நோய் கூடியதற்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை. அறிவியல் வந்து சொல்வதற்குள் எத்தனை பேரின் வாழ்க்கை முடிந்துபோயிருக்கும்!

கூடங்குளத்துக்கு ஆதரவாகப் பேசுகிறாயா என்று சிலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அணு உலை பற்றி எனக்குக் கருத்து உண்டு, வேறொரு நாள் எழுதுவேன். இப்போது பேசுவது எங்கள் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி.

வெற்றிலை பாக்கையும் சுண்டலையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாட்ச்மேன் கையில் கொடுத்து, அவர் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டச் சொன்னீர்கள். அனுப்பாமலே இருந்திருக்கலாம். அக்கா அந்தப் பையைப் பிரிக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் தன் பேத்தியைக்கூட அன்றிலிருந்து தூக்கவில்லை. "தூக்கலாம் என்று டாக்டர் சொன்னார், ஆனால் கை வரவில்லை" என்கிறார்.

நேற்று மாலை நான் ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எனக்குப் பின்னிவிடுங்கள் என்றேன். வேண்டாம் என்று இரண்டு முறை தலையாட்டினார். நான் அவர் காலடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உச்சியில் வகிடு எடுத்தார். அறுவை நடந்த பக்கத்துக் கையை உயரத் தூக்கினால் அவருக்கு இன்னும் இழுக்கிறது. நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னலை நுனி வரை முடித்தார். கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் கேட்டபோது, பேத்தி தன் தலையிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.