எல்லை வேலிக் கதியால் தள்ளி நட்டபடியே கிடக்க, ஜெபம் எப்படி வரும்?

பெரிய வெள்ளி கிட்டினால் எங்கட கோயில்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற, வரிசை நீளும். ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது. "பொய் சொன்னேன் சுவாமி, கோபப்பட்டேன், பூசைக்கு வராமல் விட்டேன்." வருசா வருசம் அதே மூன்றுதான். பிறகு, ஜெபிக்க இருந்தால் மனம் வறண்டு கிடக்குது என்று கனபேர் கவலைப்படுகிறார்கள். கடவுளோடு கதைக்கவேண்டிய அந்த ஒரு விசயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் கதைப்பதுதான் பெரும்பாலும் காரணம் என்பது என் எண்ணம்.

பழைய ஞானோபதேசம் (மறைக்கல்வி) இதற்கு ஐந்து காரியம் கேட்டது: ஆன்ம சோதனை (செய்த பாவத்தை நினைத்துப் பார்த்தல்), மனஸ்தாபம் (பாவத்துக்காக மனம் வருந்துதல்), பிரதிக்கினை (இனிச் செய்யமாட்டேன் என்ற தீர்மானம்), பாவத்தைச் சொல்லுதல், அபராதம் தீர்த்தல் (பாவத்துக்கு ஈடுசெய்தல்). நாலாவதை மட்டும்தான் நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆன்ம சோதனைக்கு இரவில் பத்து நிமிடம் போதும். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஒழுங்கில் முதலில் நன்றி, பிறகு பாவத்தை அறியும் வரம் கேட்பது, அதன் பிறகே சோதனை, பின் மன்னிப்பு, கடைசியில் தீர்மானம். நன்றியை விட்டுவிட்டுக் குற்றத்தில் தொடங்கினால், ஒன்றில் பயம் பிடிக்கும், இல்லாவிட்டால் சாட்டுச் சொல்லத் தொடங்குவோம். சோதனையை மணித்தியாலம் மணித்தியாலமாகச் செய்யவேண்டும். "இண்டைக்கு எப்படி இருந்தேன்?" என்று மொத்தமாகக் கேட்டால் மனம் "பரவாயில்லை" என்றுதான் சொல்லும்.

சாவான பாவமென்றால், அதாவது கடவுளோடு உள்ள உறவையே முறிக்கும் கனமான பாவமென்றால், வகையும் எண்ணிக்கையும் சொல்லவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். மற்றவற்றிலும் இந்தத் தெளிவு உதவும். "கோபப்பட்டேன்" என்பதில் ஒன்றும் விளங்காது. "கூடப்பிறந்தவரோடு இரண்டு வருசமாகக் கதையில்லை, அவர் வந்து கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை" என்றால் விளங்கும். "மச்சாள் அப்படிச் சொன்னதாலை" என்று தொடங்கினால் கவனியுங்கள், அங்கே மச்சாளின் பாவத்தைத்தான் சொல்லுகிறோம்.

இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் படிக்கும்போது கண் கலங்குவது நல்லதுதான். ஆனால் மனஸ்தாபம் கண்ணீரில் இல்லை, இந்தப் பாவம் இனி வேண்டாம் என்று மனம் வெறுப்பதில் இருக்கிறது. அழுகை வராதவர்கள் பயப்படத் தேவையில்லை. பிரதிக்கினையையும் சின்னதாக எடுங்கள். "இனிக் கோபப்படமாட்டேன்" என்பது அடுத்தநாள் காலமையே உடையும். "நாளைக்கு அவர் பேசும்போது நடுவில் குறுக்கிடமாட்டேன்" என்றால் இரவில் சரிபார்க்கலாம்.

நாங்கள் அதிகம் வழுக்குவது ஈடுசெய்வதில். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவம் செய்த சேதத்தைத் தானாகத் திருத்தாது. எல்லைக் கதியாலை ஒரு அடி தள்ளி நட்டவர், சுவாமியார் அபராதமாகச் சொன்ன மூன்று அருள்நிறை மந்திரத்தோடு அந்த அடியைத் தனதாக்க முடியாது. சீட்டுக்காசை அமுக்கினால் காசு திரும்பவேண்டும். உரியவர் இறந்துவிட்டால் அவருடைய பிள்ளைகளுக்கு. ஒருவரைப் பற்றிப் பொய்க்கதை பரப்பினால், ஆருக்குச் சொன்னோமோ அவர்களிடமே போய் "நான் சொன்னது பொய்" என்று சொல்லவேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வரி தண்டிய சக்கேயு, ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவுக்கு முன்னால் நின்று சொன்னார் (லூக்கா 19:8). காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்பதும் ஆண்டவர் சொன்னதுதான் (மத்தேயு 5:24).

அதனால் அடுத்த தவக்காலத்தில் கடைசிக் கிழமை வரை காத்திருக்காதீர்கள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு அடுத்த கிழமையே சுவாமியாரிடம் நேரம் கேட்டுப் போங்கள். வரிசை இராது, ஆறுதலாகக் கதைக்கலாம். கதியாலைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நடுவதற்குப் பெரிய வெள்ளிக்கு முன் ஐந்து கிழமை இருக்கும்.