லெட்டர் பேடு கட்சி என்று சிரிப்பவர்களுக்கு

சின்னக் கட்சி எதையாவது பார்த்து, தொண்டர் இல்லை, லெட்டர் பேடு மட்டும்தான் இருக்கிறது என்ற அர்த்தத்தில் "லெட்டர் பேடு கட்சி" என்று யாராவது சிரித்தால், சேலத்துக்காரனான எனக்கு வாழப்பாடி ராமமூர்த்திதான் ஞாபகத்துக்கு வருவார். தமிழக காங்கிரஸ் தலைவராக இருந்தவர். 1991இல் நரசிம்ம ராவ் அரசில் தொழிலாளர் துறை இணையமைச்சராகி, காவிரிப் பிரச்சினையில் பதவியை உதறியவர். அவர் பிரிந்து வந்து ஆரம்பித்ததுதான் தமிழக ராஜீவ் காங்கிரஸ்.

1998 தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணியில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு சீட்டு, சேலம். நின்றார், ஜெயித்தார், வாஜ்பாய் அமைச்சரவையில் பெட்ரோலியத் துறை! 1996இல் 20 எம்.பி.க்களோடு டெல்லி போன மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ், அதே 1998இல் 3 பேரோடு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஒற்றை எம்.பி. வைத்திருந்தவர் கேபினெட்டில். லெட்டர் பேடுதான், ஆனால் என்ன வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

சரி, அந்த ஓட்டெல்லாம் யாருடையது? 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, ஆட்சி ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. வாழப்பாடியார் வாஜ்பாய் பக்கமே நின்றார். அந்த வருடத் தேர்தலில் அதே சேலத்தில் அ.தி.மு.க.வின் செல்வகணபதியிடம் தோற்றார். கூட்டணிக் கட்சியின் ஓட்டு இந்தப் பக்கம் இருந்தால் மந்திரி, அந்தப் பக்கம் போனால் மாஜி. பிறகு காங்கிரசுக்கே திரும்பினார், 2002இல் காலமானார்.

தலைவர்கள் பிரிவதையோ திரும்புவதையோ நான் குறை சொல்ல மாட்டேன். தாய்க் கட்சியில் அவர்களுக்குச் சால்வை தயாராகவே இருக்கும். பின்னால் போனவன் கதைதான் வேறு. அயோத்தியாபட்டணம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் வேறொரு உடைந்த கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தார். கட்சிப் பெயர் வேண்டாம். இரண்டே வருடத்தில் கட்சி தாய்க் கட்சியோடு இணைந்துவிட்டது. இவர் போய்ப் பார்த்தால், பழைய பொறுப்பில் இவரோடு கைகலப்பு வரை போன ஆள் உட்கார்ந்திருக்கிறார். அச்சடித்த லெட்டர் பேடு கட்டுக்கட்டாக மீந்துபோய், தலைவர் படத்துக்குக் கீழேயே அவர் வீட்டம்மா ரொம்ப நாள் பால் கணக்கு எழுதினார்.

போன தேர்தலில் எல்லாக் கட்சிக்காரர்களும் அவர் வீட்டுக்கு வந்து ஓட்டுக் கேட்டார்கள். பூத் ஏஜென்ட்டாக உட்காருங்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.