கிராங்கை வெட்ட வேண்டாம், மருமகனே

போன ஞாயிறு என் மருமகன் கோண்டாவிலிலிருந்து ஒரு கிராங்க் ஷாஃப்டை (பிஸ்ரன்களின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) உரப்பையில் சுற்றிக்கொண்டு வந்தான். மொறிஸ் மைனர் 1098 சிசி எஞ்சினுடையது. "மாமா, இதிலை ரெண்டு கிலோ வெட்டியெடுத்தா கார் பறக்குமாம்" என்றான். யாரோ வீடியோ காட்டியிருக்கிறார்கள். அவனைப் போல இன்னும் நாலைந்து தம்பிமார் இங்கே பழைய மொறிஸுகளைக் கழற்றி வேலை செய்துகொண்டிருப்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சுழலும் பொருளில் கிலோவை மட்டும் பார்த்துப் பயனில்லை. அந்தப் பாரம் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்தையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். கிராங்கில் 4 செ.மீ. தூரத்தில் ஒரு கிலோ எடுப்பதும் பிளைவீலில் (கிராங்கின் நுனியில் பூட்டிய கனத்த சக்கரம்) 12 செ.மீ. தூரத்தில் ஒரு கிலோ எடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் பலன் 9 மடங்கு. முதல் கியரில் எஞ்சின் சுமார் 15 தடவை சுற்றினால் சில்லு ஒரு தடவை சுற்றும் என்று வைத்துக் கணக்குப் பார்த்தேன். பிளைவீலில் எடுத்த ஒரு கிலோ, காரிலிருந்து 40 கிலோ இறக்கியதற்குச் சமம். கிராங்கில் எடுத்த ஒரு கிலோ நாலரை கிலோவுக்குத்தான் சமம். நாலாம் கியருக்குப் போய்விட்டால் அந்த 40 கிலோவும் வெறும் 3 கிலோ ஆகிவிடும். நாங்கள் ஓடுவது எங்கே? யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு வரை ஒரு மேடு கிடையாது, முழுக்க நாலாம் கியர்தான். வேகம் கூடும்போது மட்டும்தான் இந்த லாபமும். ஒரே வேகத்தில் ஓடும்போது லேசான கிராங்க் ஒரு குதிரைவலுவைக்கூடக் கூட்டித் தராது.

சரி, பலன் குறைவு, தீங்கு என்ன என்று கேட்கலாம். கிராங்கில் வெட்டுவதற்கு வசதியாகத் தெரிவது எதிர்ப்பாரங்கள், அதாவது பிஸ்ரன் பக்கத்து இழுவைக்கு எதிராக மறுபக்கத்தில் இருக்கும் கனத்த துண்டுகள். நாலு சிலிண்டர் எஞ்சினில் 1ம் 4ம் பிஸ்ரன்கள் மேலே போகும்போது 2ம் 3ம் கீழே வரும். ஆகவே எல்லா எதிர்ப்பாரத்திலும் ஒரே அளவு வெட்டினால் பலன்ஸ் மெஷின் ஒரு குறையும் காட்டாது. மெஷினுக்குத் தெரிவது முழுக் கிராங்கின் சமநிலை. பெயரிங் சுமப்பது அதன் பக்கத்தில் இருப்பதன் இழுவையை. கிராங்கைத் தாங்கும் மெயின் பெயரிங் இந்த எஞ்சினுக்கு மூன்றே மூன்று. நடுப் பெயரிங்கின் இரு பக்கமும் நின்று 2ம் 3ம் ஒரே நேரத்தில் ஒரே திசைக்கு இழுக்கின்றன. அந்த இழுவையில் ஒரு பங்கைத் தாங்கத்தான் எதிர்ப்பாரம் அங்கே இருக்கிறது. சுற்று நிமிடத்துக்கு 5000இலிருந்து 7000 ஆனால் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

2014இல் என் காருக்கு நான் வெட்டுவித்தேன். மெஷினில் அழகாக நின்றது. ஒரு வருடத்துக்குள் எஞ்சின் சூடேறிய பின் கார் நிற்கும்போது ஒயில் விளக்கு மினுங்கத் தொடங்கியது. சம்பை (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு) கழற்றிப் பார்த்தேன். முன் பெயரிங்கும் பின் பெயரிங்கும் சாம்பல் நிறத்தில், மங்கலாக, நல்லபடி இருந்தன. நடுப் பெயரிங்கின் ஓட்டில் மேற்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. நகத்தால் வருடினால் கோடு கோடாகத் தட்டுப்பட்டது. அந்த ஓட்டை இன்னும் வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்.

எங்கள் ஊர்க் கிராங்குகளுக்கு வேறொரு கதையும் உண்டு. 1990களில் பெற்றோல் வராத தடைக் காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் இவை. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கி, ஒயில் தண்ணியாகி, ஜேர்னல் (பெயரிங்குக்குள் சுழலும் பகுதி) தேய்ந்து, 10, 20, 30 தௌ (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று திரும்பத் திரும்பக் கிரைண்ட் பண்ணியவை ஏராளம். ஒவ்வொரு கிரைண்டிங்கிலும் ஜேர்னல் பக்கச்சுவரான கன்னத்தோடு சேரும் அந்தச் சின்ன வளைவு கூர்மூலையாகிப் போகலாம். கிராங்க் வெடிப்பது பெரும்பாலும் அந்த மூலையில்தான். மருமகன் கொண்டுவந்ததைச் சங்கிலியில் தூக்கிச் சின்னச் சுத்தியலால் தட்டினோம். மணி மாதிரி நீளமாகக் கேட்டது, நல்ல அறிகுறி. ஆனால் மயிர் வெடிப்பு இந்தத் தட்டலுக்கு அகப்படாது, காந்தமேற்றி இரும்புத்தூளால் வெடிப்பைக் காட்டும் காந்தச் சோதனை செய்தே ஆக வேண்டும்.

இதே எஞ்சின் குடும்பத்தில் 1963இல் மினி கூப்பர் எஸ் வந்தது. அதைக் கட்டியவர்கள் கூடிய சுற்றைத் தாங்கவென்று கிராங்குக்கு நல்ல உருக்கை எடுத்து நைட்ரைட் பண்ணினார்கள் (நைதரசனால் மேற்பரப்பைக் கடினமாக்குவது), மெயின் ஜேர்னலை 2 அங்குலமாகத் தடிப்பாக்கினார்கள், 1071 சிசி எஞ்சினில் ஸ்ட்ரோக்கை (பிஸ்ரன் மேலும் கீழும் போகும் தூரம்) 68.26 மி.மீ. ஆக்கினார்கள். அடுத்த வருடம் மொன்ரே கார்லோ ராலியை வென்றது அதுதான். எங்கள் 1098இன் ஸ்ட்ரோக் 83.72 மி.மீ. அதிகபட்ச 48 குதிரைவலுவும் 5100 சுற்றில் வந்துவிடும். இதை 7000க்கு விரட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

நுவரெலியா மககஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு ஒருவர் எஞ்சின் கட்டினால் நான் வேறு மாதிரிச் சொல்வேன். குறுகிய ஓட்டம், கீழ்க் கியர்கள், எஞ்சினை அடிக்கடி திறந்து பார்ப்பார்கள். அங்கேகூட முதலில் பாரம் குறைந்த பிஸ்ரனும், அதைக் கிராங்கோடு இணைக்கும் ரொட்டும். இழுவை குறைந்த பிறகு, குறைந்த அளவுக்கு மட்டும் எதிர்ப்பாரத்தில் கை வைக்கலாம்.

மருமகன் கொஞ்சம் முகம் வாடினான். பிறகு பிளைவீலைக் கழற்றித் தந்தான். பின்பக்க விளிம்பில் அளவாக வெட்டலாம். வார்ப்பிரும்பு என்பதால் பேராசைப்படக் கூடாது, ஒழுங்கைக்குள் முதல் கியரில் ஊரும்போது எஞ்சின் நின்று போகாத அளவுக்குப் பாரம் மிஞ்ச வேண்டும். புதன்கிழமை அது லேத்துக்குப் போகிறது. கிராங்க் எண்ணெய் பூசி, விறாந்தையில் நிமிர்த்திக் கட்டியபடி காந்தச் சோதனைக்குக் காத்திருக்கிறது.