ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியவில்லையா? விலக்குப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்

ஜனவரியில் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, ரிசல்ட் வந்ததும் எந்தப் பள்ளிக்கு எத்தனை சதவீதம் என்று பேசித் தீர்க்கிறோம். ஏற்றத்தாழ்வு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. 2021 பிர்ல்ஸ் என்ற சர்வதேச வாசிப்புத் தேர்வில் தென்னாப்பிரிக்காவின் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு வாசித்ததன் பொருள் பிடிபடவில்லை. எட்டு, ஒன்பது வருஷம் கழித்து மெட்ரிக் எழுதப்போவதும் இதே பிள்ளைகள்தான்.

அரசுப் பள்ளிகளுக்கு ஐந்து குவின்டைல், அதாவது ஐந்து படி: 1 மிக ஏழ்மையானது, 5 மிக வசதியானது. 1 முதல் 3 வரை ஃபீஸ் கிடையாது. 4, 5 வாங்கலாம். பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் வருமானம், வேலையின்மை, படிப்பறிவு இவற்றைப் பார்த்து இதை வகுக்கிறார்கள். பெஞ்சில் உட்காரும் பிள்ளையின் வீட்டை யாரும் பார்ப்பதில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கல்வீடுகளுக்கு நடுவே நிற்கும் பள்ளிக்கு அங்குள்ள பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியின் தகரக் குடிசையிலிருந்தும் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். அந்தப் பள்ளி குவின்டைல் 5 என்றால், அரசின் மானியம் குவின்டைல் 1 பள்ளிக்குக் கிடைப்பதில் ஒரு சிறு பங்குதான். மீதியை ஃபீஸ்தான் ஈடுகட்ட வேண்டும். கூடுதல் டீச்சருக்கு நிர்வாகக் குழு சம்பளம் கொடுப்பதும் அதிலிருந்துதான்.

கட்ட முடியாத பெற்றோர் ஃபீஸ் விலக்குப் பெறச் சட்டம் வழி விட்டிருக்கிறது. இதைப் பள்ளியே சொல்ல வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை. விலக்குக் கொடுத்தால் அரசு முழுத் தொகையையும் ஈடு செய்வதில்லை என்பதே காரணம். பள்ளியின் கஷ்டம் புரிகிறது. அதற்காக ஏழைத் தாயிடம் மறைப்பது அநியாயம்.

கணக்கு இதுதான். ஒரு பிள்ளையின் வருஷ ஃபீஸையும் பள்ளி கேட்கும் மற்றக் கட்டணங்களையும் கூட்டுங்கள். பெற்றோரின் வருஷ வருமானத்தில், பிடித்தம் போவதற்கு முந்தைய தொகையில், அது 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் முழு விலக்கு. அதற்குக் குறைந்தால், பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்து அரசு அட்டவணைப்படி ஒரு பகுதி விலக்குக் கிடைக்கலாம். மாசம் 9,500 ராண்ட் வரும் வீட்டில் வருஷத்துக்கு 114,000. ஃபீஸ் 11,000 என்றால் 9.6 சதவீதம், முழு விலக்கு இல்லை. கம்ப்யூட்டர் கட்டணம் 900 சேர்ந்தால் 10.4, முழு விலக்கு! பலர் தவறவிடுவது இந்த 900-ஐத்தான்.

பிள்ளைக்கு சாசா கிராண்ட் (அரசின் சமூக உதவித்தொகை) வாங்குகிறவர்களுக்கும், அநாதைப் பிள்ளையை வளர்ப்பவர்களுக்கும் இந்தக் கணக்கே வேண்டாம். கிராண்ட் கடிதத்தைப் படிவத்தோடு கொடுத்தால் போதும்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாரை "அப்பாவின் சம்பளச் சீட்டு கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. விவாகரத்தான ஒரு தாய் தொடுத்த வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் அவர் பக்கம் தீர்ப்பானது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

படிவத்தை ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். போன வருஷம் கிடைத்ததே என்று சும்மா இருந்தால் பாக்கி ஏறிவிடும். வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு அப்பீல் போகலாம். எப்போதுமே ஃபீஸ் பாக்கியைக் காட்டிப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தவோ, ரிப்போர்ட்டைப் பிடித்து வைக்கவோ பள்ளிக்கு உரிமை இல்லை.

ஆபீசில் படிவத்தைக் கொடுக்கும்போது நகலில் தேதியோடு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள், அக்கா. அப்பீலில் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.