ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு ஒற்றன்

ஞாயிற்றுக்கிழமை ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ (1965) திரையிடலுக்குப் பிறகு நடந்த பேச்சைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். “வீட்டிலேயே ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஒன்றுமே விட்டுப்போகவில்லை, படம் மொக்கை” என்று ஒருவர் ஆரம்பித்தார். பாதிப் பேர் சிரித்துத் தலையாட்டினார்கள். பிறகு முக்கால் மணி நேரமும் பேச்சு அந்தத் திசையிலேயே போயிற்று. நாலு நாளாகியும் மனசு ஆறவில்லை.

(முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

இது 112 நிமிடப் படம். ஒன்றரை மடங்கில் ஓட்டினால் 75 நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சமாகும் 37 நிமிடத்தில் என்ன போகிறது தெரியுமா? பிரிட்டிஷ் ஒற்றன் லீமஸ் (ரிச்சர்ட் பர்ட்டன்) பதில் சொல்வதற்கு முன் எடுத்துக்கொள்ளும் நேரம். அதாவது படமே போகிறது. இது மெதுவாகப் போகிற படம் இல்லை, மறைத்து வைக்கிற படம். இரண்டும் ஒன்றில்லை.

பெர்லினில் தன் ஆள் கார்ல் ரீமெக் எல்லையைக் கடக்கும்போது சுடப்பட்டுச் சாவதைப் பார்த்துவிட்டு லீமஸ் லண்டன் திரும்புகிறான். உளவுத்துறைத் தலைவர் கன்ட்ரோல் அவனிடம் பேசுகிறார். இன்னும் கொஞ்ச நாள் குளிரிலேயே, அதாவது களத்திலேயே, இருக்க முடியுமா என்கிற தொனியில் பேச்சு போகிறது. அதற்குப் பிறகு நாம் பார்ப்பது, வேலை தேடி நிற்கும் ஒரு குடிகாரனை. நடுவில் என்ன முடிவானது என்று படம் சொல்வதில்லை. நூலக வேலை, குடி, கடன் தர மறுத்த மளிகைக்காரருக்கு அடி, சிறை. இவ்வளவும் நாடகம். யாருக்காக நடிக்கிறான்? கிழக்கு ஜெர்மனியின் ஆட்கள் எங்கோ இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்காக. படம் நம்மையும் அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறது. நமக்கும் அவன் விழுந்துவிட்டான் என்றுதான் தோன்ற வேண்டும். அதிலும் பாதி நடிப்பில்லை, நிஜமாகவே விழுந்துகொண்டிருக்கிறான் என்ற சந்தேகம் அடியில் ஓடவேண்டும். இதற்கு நேரம் வேண்டாமா?

அந்த மளிகைக்காரராக வருபவர் பெர்னார்ட் லீ. அதே வருடங்களில் ஜேம்ஸ் பாண்டுக்கு உத்தரவு போடும் ‘எம்’ ஆக நடித்துக்கொண்டிருந்தவர். 1965இல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவரான பால் டேன், அதற்கு முந்தைய வருடம் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ எழுத்திலும் பங்கு உள்ளவர். பாண்ட் படம் எப்படிச் செய்வது என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தேதான் வேறு மாதிரி செய்தார்கள். “துப்பாக்கிச் சண்டையே இல்லை” என்று குறைப்பட்டவர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

“கதை புரியவில்லை” என்றார்கள். எங்கே புரியாமல் போகிறது என்று எனக்குத் தெரியும். சிறையிலிருந்து வந்தபின், கிழக்கு ஜெர்மனிக்கு ஆள் பிடிக்கும் ஆஷ் வந்து ஒட்டிக்கொண்டபின், ஹாலந்துக்குக் கிளம்பும் முன், லீமஸ் சக பிரிட்டிஷ் ஒற்றன் ஸ்மைலியின் வீட்டுக்குப் போய் கன்ட்ரோலைப் பார்க்கிறான். சின்னக் காட்சி. அதைத் தவறவிட்டால் பின்னால் கிழக்கு ஜெர்மனியில் வரும் விசாரணை மன்றக் காட்சி தலையும் வாலும் இல்லாமல்தான் தெரியும். அவன் இன்னும் லண்டன் ஆள்தான் என்பது நமக்கு உறுதியாவது அங்கேதான். நூலகத்தில் உடன் வேலை செய்த காதலி நேனை இதில் இழுக்காதீர்கள் என்று அவன் கேட்டுக்கொள்வதும் அங்கேதான். பிறகு மன்றத்தில் அந்தப் பெண்ணே சாட்சியாக வந்து நிற்கிறாள். ஸ்மைலி தன்னைத் தேடி வந்ததை, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாமலே சொல்லிவிடுகிறாள். லீமஸ் கைவிடப்பட்டவன் என்ற கதை அந்த நொடியில் உடைகிறது. ஸ்மைலி எச்சரிக்கையில்லாமல் நடந்துகொண்டான் என்றுதான் முதலில் நினைப்போம். அது தவறுதல் இல்லை. திட்டமே அதுதான்.

கிழக்கு ஜெர்மன் உளவு அதிகாரி முண்ட்டை ஒழிக்க அனுப்புகிறோம் என்று லீமஸிடம் சொன்னார்கள். முண்ட் ஏற்கெனவே லண்டனின் ஆள். முண்ட்டின் உதவியாளன் ஃபீட்லர் அதை மோப்பம் பிடித்துவிட்டான். ஆகவே ஃபீட்லரின் கையில் லீமஸைச் சாட்சியாகக் கொடுத்து, அந்தச் சாட்சி பொய்யன் என்று மன்றத்தில் அவர்களே நிரூபிக்கவும் விட்டு, ஃபீட்லரைச் சதிகாரனாக்கி, முண்ட்டைக் காப்பாற்றுகிறார்கள். லீமஸுக்கே கடைசியில்தான் விளங்குகிறது. நமக்கும் அப்போதுதான் விளங்க வேண்டும்.

“நாவல் எங்கேயோ, படம் எங்கேயோ” என்று சொன்ன நண்பருக்கு. ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஜான் லெ காரேயின் 1963 நாவலில் கடைசி நொடியில் லீமஸ் பார்ப்பது, பெரிய லாரிகளுக்கு நடுவே சிக்கிய சின்னக் காரையும், சன்னல் வழியே கையசைக்கும் குழந்தைகளையும். படத்தில் அது இல்லை. எனக்கும் வருத்தம்தான். நாவலின் லிஸ் கோல்ட் படத்தில் நேன் பெர்ரி ஆகிவிட்டாள்; பர்ட்டனின் அப்போதைய மனைவி எலிசபெத் டெய்லர், ‘லிஸ்’ அந்தப் பெயரின் சுருக்கம், அதனால் மாற்றினார்கள் என்று பரவலாகச் சொல்கிறார்கள். பெயர் போனால் போகட்டும். அதற்காக நாவலைப் படித்தவர்கள் படத்தைப் பார்க்கவே வேண்டாம் என்பது என்ன நியாயம்? அந்த எழுத்தாளர் நாவல் வெளியானபோது பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணியில் இருந்தவர், அதனால்தான் புனைபெயர். அவர் எழுதிய சோர்வை, ஈரத்தை, மட்டமான விஸ்கி வாடையை இயக்குநர் மார்ட்டின் ரிட் திரையில் கொண்டுவந்திருக்கிறார். சோதனைச் சாவடிக் காட்சியை டப்ளினில் ஸ்மித்ஃபீல்டில் அரங்கம் போட்டு எடுத்தார்கள். அது பெர்லின் இல்லை என்று ஞாயிறு அன்று யாருக்காவது தோன்றியதா?

கறுப்பு வெள்ளை பற்றிய கேலியும் வலித்தது. 1965இல் வண்ணம் இல்லாமல் இல்லை. அதே வருடம் பாண்ட் படம் ‘தண்டர்பால்’ முழு வண்ணத்தில் வந்தது. ஒளிப்பதிவாளர் ஆஸ்வால்ட் மோரிஸ் வேண்டுமென்றேதான் இப்படிச் சாம்பலாக எடுத்தார். பளிச்சென்ற வெள்ளையும் இல்லை, அழுத்தமான கறுப்பும் அதிகமில்லை. வீட்டில் பார்ப்பவர்கள் தொலைக்காட்சியின் வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். கூட்டினால் அந்தச் சாம்பல் வெளிறிப்போய் சுவரும் முகமும் ஒன்றாகிவிடும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் அதை முதலில் அணையுங்கள். நொடிக்கு 24 சட்டகங்களாக எடுத்த படத்தின் நடுநடுவே தொலைக்காட்சி தானாகப் புதுச் சட்டகங்களைச் செருகினால், பர்ட்டன் நாடகத் தொடரில் நடிப்பவர் மாதிரி ஆகிவிடுகிறார்.

பர்ட்டனுக்கு ஒரே முகம் என்றவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேடையை அதிரவைக்கும் குரல் அவருடையது. அதைப் படம் முழுக்கப் பூட்டி வைத்திருக்கிறார். கடைசியில் பெர்லின் சுவரை நோக்கிப் போகும் காரில், ஒற்றர்கள் என்றால் யார் என்று நினைத்தாய் என்று நேனிடம் வெடிக்கும்போதுதான் திறக்கிறார். ஆஸ்கருக்குப் பரிந்துரையானார், பிரிட்டிஷ் நடிகருக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது. விருதை வைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. அந்தக் காருக்கு முந்தைய ஒன்றரை மணி நேர அடக்கம் இல்லாவிட்டால் அந்த வெடிப்பு வெறும் வசனம்.

நேன் பாத்திரம் வெகுளியாக இருக்கிறது என்ற விமர்சனத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. விட்டுவிடுகிறேன்.

“இது கம்யூனிச எதிர்ப்புப் பிரச்சாரம்” என்றாரே ஒருவர், அதை மட்டும் விடமுடியாது. ஐயா, இந்தப் படத்தில் எதையாவது உண்மையாக நம்புகிற மனிதர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். நேன், கட்சி உறுப்பினர். ஃபீட்லர், கிழக்கு ஜெர்மன் உளவு அதிகாரி. இரண்டு பேரும் கம்யூனிஸ்ட்டுகள். இரண்டு பேரையும் பலிகொடுப்பது லண்டன். எதற்காக? பழைய நாஜி ஒருவனைப் பதவியில் வைத்திருப்பதற்காக. ஃபீட்லர் யூதன் என்பது அதோடு சேரும்போது தொண்டை அடைக்கிறது. எல்லாம் தெரிந்த லீமஸ் சுவரின் மேலே இருக்கிறான். மேற்குப் பக்கத்திலிருந்து குதி என்கிறார்கள். நேன் கிழக்குப் பக்கம் சுடப்பட்டுக் கிடக்கிறாள். அவன் கிழக்கே இறங்குகிறான். இதில் பிரச்சாரம் எங்கே இருக்கிறது?

ஃபீட்லராக நடித்தவர் ஆஸ்கர் வெர்னர், ஆஸ்திரியர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையிலிருந்து தப்பியோடி ஒளிந்து வாழ்ந்தவர். முண்ட்டாக நடித்த பீட்டர் வான் ஐக், ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே ஜெர்மனியை விட்டுப் போனவர். இப்படிப்பட்ட இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்திருக்கிறார் ரிட். லீமஸோடு நடந்தபடியே, உங்கள் ஆட்கள் எதை நம்பி இதையெல்லாம் செய்கிறார்கள் என்று ஃபீட்லர் கேட்கும் இடத்தைப் பாருங்கள். தகவல் கறக்கும் அதிகாரியின் கேள்வி இல்லை அது. அவனுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். லீமஸிடம் பதில் இல்லை. பிறகு மன்றத்தில், தான் சரியாகக் கண்டுபிடித்த ஒரே காரணத்துக்காக அழியப்போகிறோம் என்று புரிந்த பிறகு, வெர்னரின் முகத்தில் கோபத்தைவிட வியப்பே அதிகம். சில நொடிகள்தான். ஒன்றரை மடங்கு வேகத்தில் அது கண் சிமிட்டுகிற மாதிரி கடந்துபோய்விடும்.

முக்கால் மணி நேரம் பேசினோம். ஃபீட்லர் என்ற பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.