"தனுஷ்கோடியிலிருந்து இலங்கை கிளப்": அந்த ஃபார்வர்டு தவறு

பாம்பன், மண்டபம், தொண்டி வாட்ஸ்அப் குழுக்களில், இந்தியக் கால்பந்து வீராங்கனை பாலா தேவியைச் சொல்லி ஒரு செய்தி சுற்றுகிறது: "பாலா தேவி 15 வயதிலேயே வெளிநாட்டு கிளப்பில் சேர்ந்தார். நம் ஊரிலிருந்து இலங்கை 50 கிலோமீட்டருக்குள் இருப்பதால், கோல் அடிக்கத் தெரிந்த பெண் பிள்ளைகளை எல்லைச் சலுகையில் அங்கே சேர்க்கலாம். முன்பணமும் ஆதார் நகலும் அனுப்புங்கள்."

பாலா தேவி ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் கையெழுத்திட்டது 2020 ஜனவரியில், 29 வயதில். அதற்கு முன் பல வருடம் இந்தியாவிலேயே ஆடியவர்.

எல்லைச் சலுகை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளில் 19-வது பிரிவைப் பாருங்கள். 18 வயதுக்குள் நாடு மாறிப் பதிவு செய்ய முடியாது என்பதே பொது விதி. வீடும் கிளப்பும் எல்லையிலிருந்து தலா 50 கிலோமீட்டருக்குள் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் பிள்ளை தன் வீட்டிலேயே தங்கி ஆட வேண்டும், இரு நாட்டுக் கால்பந்துச் சங்கங்களும் வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும். தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல். பாம்பனில் படுத்தெழுந்து அக்கரையில் தினமும் பயிற்சிக்குப் போக வழியில்லை.

வேறு நாட்டுக் கிளப்பில் சேரத் தேவையான மாற்றச் சான்றிதழைத் தருவதும் தேசியக் கால்பந்துச் சங்கம்தான், இடைத்தரகர் அல்ல. சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு கால்பந்து சங்கத்திடம் கேளுங்கள். பெண்கள் ஆட நம் பக்கத்திலேயே நல்ல அணி உண்டு: 2018–19 இந்திய மகளிர் லீக்கை வென்ற சேது எஃப்.சி. பக்கத்து மதுரை அணிதான், மறக்க வேண்டாம்.

தயவுசெய்து இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆதார் நகலையும் கொடுக்காதீர்கள்.