நிரூபணம் என்பது கொஞ்சம் அதிகம்

கரும்பொருள் (டார்க் மேட்டர், ஒளி விடாததால் கண்ணுக்குத் தெரியாத பொருள்) பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். அது இருப்பதைக் கம்ப்யூட்டரே நிரூபித்துவிட்டது என்று கட்டுரை முடிகிறது. அப்படியில்லை. 1933-இல் கோமா என்ற கேலக்ஸிக் கொத்தில் கேலக்ஸிகள் ஓடும் வேகத்தைப் பார்த்துத்தான், கண்ணுக்குத் தெரியாத எடை ஏதோ இருக்கிறது என்றார் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. 2005-இல் வந்த மில்லெனியம் சிமுலேஷனில், அதாவது பிரபஞ்சம் வளர்வதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த கணக்கில், சுமார் 1000 கோடி துகள்கள். நிஜத் துகள் அல்ல, கணக்குக்காக வைத்த பொருள் கட்டிகள். ஒரு துகளே ஏறக்குறைய 100 கோடி சூரியன் எடை! அத்தனையும் கரும்பொருள் உண்டு என்று வைத்துக்கொண்டு ஓடவிட்டவை. கேலக்ஸிகளை அப்புறம்தான் பொருத்தினார்கள். வானத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு.

எங்கள் வீடு ஊட்டிப் பக்கம், கேத்தியில். அமாவாசை இரவில் எதிர்ச்சரிவு தெரியாது. வளைந்து போகும் வீட்டு விளக்குகள் மட்டும்தான். அதை வைத்தே சரிவு எங்கே மடிகிறது என்று சொல்லிவிடலாம். தெரியாத கரும்பொருளையும் இப்படித்தான், தெரிவதை வைத்துக் கண்டுகொள்கிறார்கள். சரி, கேலக்ஸிக் கொத்துக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி கொத்தின் ஈர்ப்பால் வளைவதை வைத்தும் எடை போடுகிறார்களே, கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லையா?